விண் கூவும் ஓசையும் மின்னோசையும்



தைப்பொங்கலை அடுத்த நாட்களில், மாலை மயங்கும் வேளையில், குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நயினாதீவுக்குச் செல்லும் படகை எதிர்பார்த்தவர்கள் தலைக்குமேலே ஓர் ஓசையைக் கேட்டிருப்பார்கள். வண்டின் ரீங்காரமோ, தூரத்தே செல்லும் வானூர்தியின் இரைச்சலோ என்று முதலில் மயங்கி, பின்னர் அண்ணாந்து பார்த்து, அது பட்டத்திற் பூட்டிய விண் என்று தெளிந்திருப்பார்கள். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய தீவகத்து ஊர்களிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவ்வோசையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இரவிலே பட்டத்தை இறக்காமல் மரத்திற் கட்டிவிட்டு, விண் கூவுவதைக் கேட்டபடியே உறங்கிய சிறுவர்கள் நம்மிற் பலர்.

விண் என்பது யாது? மூங்கிலை வளைத்து வில்லாக்கி, அதன் இரு நுனிகளுக்குமிடையே தட்டையான நாரொன்றை இறுக இழுத்துக் கட்டுவர். முன்னாளில் இயற்கை நார் இருந்த இடத்தில் இப்போது பொதி கட்டும் பிளாஸ்திக்கு நாடா இருக்கிறது. அவ்வில்லைக் கொக்குப்பட்டத்தின் தலையிலோ எட்டுமூலைப் பட்டத்தின் தலையிலோ பூட்டி, முச்சை கட்டி, வாடைக்காற்றில் ஏற்றினால் நார் துடிக்கிறது. கூவுவது நாராயினும் கூவச் செய்வது காற்று. காற்று வலுத்தால் ஓசை வலுக்கும். பட்டம் குத்தினால் ஓசை அறும். மீண்டும் நிமிர்ந்தால் மீண்டும் எழும். நாரை இறுக்கினால் சுருதி ஏறும். வில்லை நீட்டினால் இறங்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பட்டமன்று. மின்னோசைக் கருவிகளின் வரலாறு. ஆயினும் விண்ணை முன்னிறுத்தியே தொடங்கினேன். ஏனெனின், மேனாட்டார் பெருந்தொகைப் பணமும் பல்லாண்டு உழைப்பும் செலவிட்டுக் கண்டடைந்த ஒரு கோட்பாடு இந்த வில்லிலே அடங்கியிருக்கிறது. ஓசையைத் தோற்றுவிப்பது ஒரு பொருள். அவ்வோசையை ஆள்வது மற்றொரு பொருள். இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்துக்கொள்ளலாம் என்பதே அக்கோட்பாடு. இதனையே 'மொடியூலர் சிந்தசைசர்' என்று இன்று வழங்குகிறார்கள். தனித்தனி அலகுகளை வடங்களால் இணைத்து ஓசையைப் படைக்கும் கருவி என்று நாம் அதனைச் சொல்லிக்கொள்ளலாம்.

மின்சாரத்தால் இசை எழுப்பும் முயற்சி பழையது. அமெரிக்கராகிய தாடியஸ் கேஹில் என்பார் 1897இல் உரிமம் பெற்ற 'தெல்ஹார்மோனியம்' என்னும் கருவி பல தொன் நிறையுடையது. புகைவண்டிப் பெட்டிகளில் ஏற்றிச் செல்ல வேண்டிய அளவினது. அதன் இசை தொலைபேசிக் கம்பிகளின் வழியே சென்றது. உருசிய நாட்டு லெவ் தெரமின் 1920 அளவில் அமைத்த கருவியோ கையால் தொடாமலே இசைப்பது. 1928இல் பிரான்சிய நாட்டு மோரிஸ் மார்த்தெனோ தம் கருவியை மேடையேற்றினார். இவையெல்லாம் வியப்புக்குரியனவே. ஆயினும் வீணை வீணையாகவே இருப்பதுபோல, இவை ஒவ்வொன்றும் ஆக்கியோன் வகுத்த ஓசையோடு நின்ற தனிக்கருவிகள்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவை வானொலி நிலையங்கள் என்பது, வானொலி கேட்கும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1948இல் பாரிசு வானொலியில் பணியாற்றிய பியர் ஷாஃபர், புகைவண்டிகளின் ஓசையை இசைத்தட்டுகளிற் பதிந்து, வெட்டியும் திருப்பியும் வேகம் மாற்றியும் ஒரு புதுவகை இசையாக ஒலிபரப்பினார். 1951இல் ஜேர்மனியின் கொலோன் நகரத்து வானொலி நிலையத்தில் மின்னிசைக்கென ஒரு கலையகம் தொடங்கப்பட்டது. அங்கே கருவிகளாக அமைந்தவை எவை? ஒலிபரப்புச் சாதனங்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பரிசோதிக்கும் பொறியியலாளரின் அலையங்கள், தொலைபேசிக் கம்பியின் குறைகளைத் திருத்தும் வடிகட்டிகள், ஒலிநாடாப் பொறிகள். அளவெடுக்க வாங்கியவை இசைக்க உதவின. கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசன் 1955ஆம், 1956ஆம் ஆண்டுகளில் ஒரு சிறுவனின் குரலோடு இவ்வோசைகளை இழைத்துப் படைத்த ஆக்கம் அக்கலையகத்தின் பெரும்பேறு.

இலண்டனில் 1958இல் பீ.பீ.சி. நிறுவிய 'ரேடியோபோனிக்' பட்டறையும் இவ்வாறே அமைந்தது. அங்கே 1963இல் ரொன் கிரெய்னர் எழுதிய மெட்டொன்றை 'டொக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்காக ஓசையாக்கித் தந்தவர் டெலியா டெர்பிஷயர் என்னும் அம்மையார். பரிசோதனை அலையங்களின் ஒலியையும் ஒற்றைத் தந்தியை மீட்டிய ஒலியையும் நாடாவிற் பதிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் நாடாத் துண்டொன்றை அளந்து வெட்டி ஒட்டி அந்த இசையை ஆக்கினார். இழுத்துக் கட்டிய ஒற்றைத் தந்தி! பனையோலைக் குடிலில் விண்ணுக்கு நார் பூட்டும் சிறுவன் அவ்வம்மையாரை ஓரளவேனும் அறிந்தவனே.

இவ்விடத்திற் கொழும்பையும் நினைவுகூர வேண்டும். இலங்கையில் ஒலிபரப்புக்கு வித்திட்ட எட்வேர்ட் ஹாப்பரும் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளரும், முதல் உலகப் போரிற் கைப்பற்றிய ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே முதற் பரிசோதனைகளை நடத்தினர் என்று வரலாறு கூறுகிறது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. கையிலுள்ள சில பாகங்களைக் கொண்டு, அவை எதற்காகச் செய்யப்பட்டனவோ அதற்கு அப்பாற் செல்வது நமக்குப் புதியதன்று.

கொலோன் கலையகத்து முறையில் ஒரு குறையுண்டு. அதனை அறிந்தாலன்றிப் பின்வருவதன் பெருமை விளங்காது. அலையத்தின் சுருதியை மாற்ற வேண்டுமாயின் அதன் குமிழைக் கையால் திருப்ப வேண்டும். மனிதனுக்கு உள்ளவை இரண்டு கைகள். ஒரு நிமிட இசைக்குப் பல நாள் நாடா வெட்ட நேர்ந்தது. 1957இல் அமெரிக்காவின் கொலம்பியா, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகங்களின் கூட்டுக் கலையகத்தில் நிறுவிய ஆர்.சீ.ஏ. இரண்டாம் கருவி, துளையிட்ட தாள்சுருளாற் கட்டளை பெற்று இசைத்ததாயினும், ஓர் அறையை அடைத்து நின்றது.

விடை 1964இல் வந்தது. நியூயோர்க் மாநிலத்துத் துரூமன்ஸ்பேர்க் என்னும் சிற்றூரில் தெரமின் கருவிகளைச் செய்து விற்றுவந்த ரொபேட் மோக் என்னும் பொறியியலாளர், ஹேபேட் டொய்ச் என்னும் இசையாசிரியரோடு சேர்ந்து உவோற்றளவால் ஆளப்படும் அலகுகளை அமைத்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையில், மோட்டன் சுபொட்னிக், ரமோன் செண்டர் என்போரின் வேண்டுகோளுக்கிணங்க டொன் புக்லா ஏறக்குறைய அதே காலத்தில் அதே எண்ணத்தோடு வேறொரு கருவியை அமைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் முன்னே, 1940களின் பிற்பகுதியிலேயே கனடாவின் ஹியூ லெ கேன் இவ்வழியிற் கால் வைத்துவிட்டார். கடலின் இருகரையிலும் ஒரே வகை வள்ளத்தை ஒருவரையொருவர் அறியாமற் கட்டுவார்கள் அன்றோ, அதுபோல.

உவோற்றளவால் ஆளுதல் என்றால் என்ன? அலையத்தின் சுருதியைக் கைக்குப் பதிலாக ஒரு மின்னழுத்தம் திருப்புகிறது. மோக் வகுத்த அளவின்படி ஓர் உவோற்று ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். செக்கனுக்கு 220 முறை அதிரும் அலையத்துக்கு ஓர் உவோற்று மிகுதியாகக் கொடுத்தால் 440 முறை அதிரும். இரண்டு உவோற்றுக் கொடுத்தால் 880 முறை. அந்த மின்னழுத்தத்தை விசைப்பலகை கொடுக்கலாம். மற்றோர் அலையமும் கொடுக்கலாம். ஆள்வதும் ஆளப்படுவதும் மின்னழுத்தமேயாதலின், எந்த அலகின் வெளிவாயிலையும் எந்த அலகின் உள்வாயிலோடும் பூட்டலாம். காற்றை விண்ணோடு பூட்டியதுபோல.

1968இல் வெண்டி கார்லோஸ் மோக் கருவியில் இசைத்த பாக்கின் இசைத்தட்டு உலகெங்கும் விற்பனையாயிற்று. அதன் பின்னரே பொதுமக்கள் இக்கருவியின் பெயரை அறிந்தனர். எனினும், பழைய இசையைப் புதிய கருவியில் இசைத்துக் காட்டுவது ஒரு வித்தை. புதிய கருவியிடம் அதற்கே உரிய ஓசையைக் கேட்டுப் பெறுவது வேறு. சுபொட்னிக் 1967இல் புக்லாவின் கருவியில் ஆக்கிய 'நிலவின் வெள்ளி ஆப்பிள்கள்' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. என் மனம் அதன் பக்கமே சாய்கிறது.

இனி, இக்கருவி நம் நிலப்பகுதிக்கு வந்த கதையைக் கேளுங்கள். அகமதாபாத்து நகரிலே 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னிசைக் கலையகம் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் ரியூடர் நேரில் வந்து அதனை அமைத்துக் கொடுத்தார். அதன் நடுவில் இருந்தது மோக்கின் அலகுகளாலான கருவி. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பலர் அதனைப் படத்தில் மட்டும் கண்டிருந்த காலம் அது.

அதற்குப் பின்னணியில் நின்றவர் கீதா சாராபாய் என்னும் அம்மையார். பக்காவஜ் முழவைக் கற்றுத் தேர்ந்தவர். 1946இல் நியூயோர்க் சென்று ஜோன் கேஜ் என்னும் இசைஞரிடம் மேனாட்டிசை பயின்றார். கைம்மாறாக அவருக்கு இந்திய இசையைப் பயிற்றினார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கித் தெளிவித்து இறையருளை ஏற்கத் தகுதியாக்குவதற்கு என்று தம் ஆசிரியர் கூறியதை எடுத்துரைத்தார் அவர். அந்த விடை கேஜின் வாழ்வையே திருப்பியதென்று பின்னர் அவரே எழுதினார். அந்த நட்பின் வழியேதான் கேஜின் தோழரான ரியூடர் அகமதாபாத்துக்கு வந்தார்.

கலையகத்திற் பணியாற்றியோர் கீதா சாராபாய், ஐ. எஸ். மாதூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர். இராகங்களைக் கேட்டு வளர்ந்த செவிகள்; முன்னே இருந்ததோ இராகம் அறியாத பெட்டி. தம்புராவின் சுருதியை அதனிடம் வேண்டியவரும் உண்டு. வான்வெளிப் பயணத்தை வேண்டியவரும் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகள் அந்த முயற்சி நடந்தது. 1970களின் முற்பகுதியிலேயே கலையகம் ஓய்ந்துவிட்டது.

ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் சேமிப்பறையில் உறங்கின. ஆண்டுகள் நாற்பதுக்கு மேல். அக்காலமெல்லாம், மின்னிசை என்பது மேனாட்டாரின் விளைச்சல், இந்தியா அதனைத் திரைப்படத்தின் வழியே பிற்காலத்தில் இரவல் வாங்கிற்று என்றே நூல்கள் எழுதின. இலண்டனில் வாழும் இசைஞர் போல் பர்காஸ் அந்நாடாக்களைத் தேடிக் கண்டெடுத்தார். 2020இல் பீ.பீ.சி. வானொலியில் அவர் அதுபற்றி ஒரு விவரணம் நிகழ்த்தினார். 1969 முதல் 1972 வரையிலான ஒலிப்பதிவுகள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. நாடா அழிந்திருந்தால் நூல்கள் எழுதியதே உண்மையாக நின்றிருக்கும். கருவி இருந்தது என்பதற்குக் கடிதங்கள் சான்றாகலாம். அது எவ்வாறு ஒலித்தது என்பதற்கு நாடாவைத் தவிர வேறு சான்றில்லை.

ஓசையின் வரலாறு எழுதுவோர்க்கு உள்ள இடர் இதுவே. நயினாதீவுக் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் வந்திறங்குவதையும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு என்பதையும், வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாற் பாதி என்பதையும் அது கூறுகிறது. பங்கு கல்லில் நின்றது. கலம் உடைந்த இரவின் ஓசையோ, அத்துறையில் அன்று ஊதிய சங்கின் சுருதியோ எக்கல்லிலும் இல்லை.

விபுலாநந்த அடிகளை இங்கே நினையாதிருத்தல் இயலாது. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அப்பெரியார், வழக்கொழிந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்தின் அடிகளிலிருந்தும் நரம்பதிர்வின் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்க முனைந்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பாரிசில் ஷாஃபர் புகைவண்டியின் ஓசையைத் தட்டிற் பதிந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஒருவர் அழிந்த ஓசையை எண்ணிலிருந்து எழுப்பினார்; மற்றவர் இருக்கும் ஓசையைப் பிடித்து வைத்தார்.

இன்றைய நிலைக்கு வருவோம். மோக்கின் பெருங்கருவியை வாங்க அந்நாளில் ஒரு நிறுவனத்தின் வளம் வேண்டியிருந்தது. 1995 அளவில் ஜேர்மன் நாட்டு டீட்டர் டொப்ஃபர் வெளியிட்ட ஏ-100 என்னும் அமைப்பு இதனை மாற்றிற்று. 128.5 மில்லிமீற்றர் உயரமுள்ள சிறு தகடுகள். பன்னிரண்டு உவோற்று மின்வழங்கல். எவர் செய்த அலகும் எவர் பெட்டியிலும் பொருந்தும். 'யூரோராக்' எனப் பெயர்பெற்ற இவ்வளவைப் பின்பற்றி எண்ணற்ற சிறு பட்டறைகள் இன்று அலகு செய்கின்றன. அதனாற் புதியதொரு நோயும் பிறந்தது. அலகுகளை வாங்கி அடுக்குவதே சிலருக்கு வேலையாயிற்று. சுவர் நிறையப் பெட்டி வைத்துக்கொண்டு ஒரே முனகலை எழுப்புவோர் உளர்; கொட்டகை நிறைய வாகனம் இருந்தும் திருவிழா நடவாத கோயிலைப்போல.

சில அலகுகள் போதும். நான்கை எடுத்துக்கொள்வோம்: ஓர் அலையம், ஒரு வடிகட்டி, ஒரு விரியலாக்கி, மிக மெதுவாக அதிரும் மந்த அலையம் ஒன்று. அலையத்திலிருந்து வரும் வாள்பல் போன்ற அலையில் மேற்றொனிகள் நிறைந்திருக்கும். வடிகட்டி அவற்றிற் சிலவற்றைத் தடுக்கும். சங்கில் நிகழ்வதும் இதுவே. உதடு அதிர்கிறது, புரியின் குடைவு சில தொனிகளை உரப்படுத்தி மற்றவற்றை விடுக்கிறது. மந்த அலையத்தை வடிகட்டியோடு பூட்டினால் ஓசை வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கும். இது எல்லாரும் முதலிற் செய்வது. இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும்.

அலுத்தபின்னரே வேலை தொடங்குகிறது. மந்த அலையத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். செக்கனுக்கு ஆறு முறை எனும்போது குரல் நடுங்குவதுபோலிருக்கும். இருபதைத் தாண்டினால் நடுக்கம் என்று செவி அதனை உணராது. புதிய தொனிகள் பிறக்கும். இரண்டு அதிர்வுகளும் எளிய விகிதத்தில் அமையாவிட்டால் மணியோசையும் வெண்கலத் தாம்பாள ஓசையும் எழும். மேலும் ஓர் அலகு சேர்த்து இரண்டு ஒலிகளை ஒன்றோடொன்று பெருக்கினால், 300 அதிர்வும் 170 அதிர்வும் சேர்ந்து 470ஐயும் 130ஐயும் தரும். தாயும் தந்தையும் மறைந்து பிள்ளைகள் மட்டும் நிற்கும் விந்தை அது.

வடிகட்டியின் பரிவை உச்சத்துக்கு ஏற்றினால், உள்ளே எதுவும் கொடாமலே அது சீழ்க்கையடிக்கத் தொடங்கும். ஓசையைத் தடுக்க வைத்த காவலன் தானே பாடுகிறான். ஓர் அலகை அது செய்யப்பட்ட காரியத்திலிருந்து விடுவித்தலே இக்கலையின் இன்பம்.

கடலோசை வேண்டுமாயின், எல்லா அதிர்வும் கலந்த வெள்ளிரைச்சலை வடிகட்டியின் வழியே விட்டு, மந்த அலையத்தால் ஏற்றி இறக்குங்கள். அலை வந்து மீளும். ஆனால், கரையிற் பிறந்தவன் செவி அதனை நொடியில் இனங்காணும், பொய்யலை! நெடுந்தீவுக் கரையில் இரண்டு அலைகள் ஒன்றுபோல வருவதில்லை. இங்கே ஓர் எளிய வழியுண்டு. ஏழு செக்கனுக்கு ஒருமுறை சுழலும் மந்த அலையத்தோடு பதினொரு செக்கனுக்கு ஒருமுறை சுழலும் மற்றொன்றையும் சேர்த்தால், எழுபத்தேழு செக்கன் கழிந்தே பழைய நிலை மீளும். மூன்றாவதாகப் பதின்மூன்று செக்கனுடையதைச் சேர்த்தால் ஆயிரத்தொரு செக்கன். பதினாறு நிமிடத்துக்கு மேல். செவி அத்துணை நேரம் நினைவு வைப்பதில்லை. இரண்டு மூன்று குமிழ்களில் ஒரு மாலைப்பொழுது அடங்கிவிடும்.

மற்றொன்று, குறிகட்டுவானிலே அடிக்கடி கேட்பது. இரண்டு இயந்திரப் படகுகள் அருகருகே நின்று இரையும்போது, இரைச்சல் பொங்கியும் தணிந்தும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று நூறு முறையும் மற்றது நூற்றிரண்டு முறையும் அதிருமாயின் செக்கனுக்கு இரண்டு அடிப்புகள் கேட்கும். இரண்டு அலையங்களை அவ்வாறே சிறிது பிசகாகச் சுருதி கூட்டுங்கள். முற்றாக ஒத்த சுருதி உயிரற்றது; சற்றே விலகியது மூச்சு விடுகிறது. நாதசுரக்காரர் இருவர் சேர்ந்து வாசிக்கும்போது எழும் நிறைவில் இதற்கும் ஒரு பங்குண்டு.

இவற்றையெல்லாம் வெறும் வித்தையாக நான் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் தீவகத்து மக்கள் பெருந்தொகையினர் போரினால் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். பலர் குடாநாட்டிலும் வன்னியிலும் கொழும்பிலும், மேலும் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டனர். திரும்பியவர் சிலர், திரும்பாத வீடுகள் பல. ஊரின் படங்கள் சில எஞ்சின. ஊரின் ஓசைகளோ, பதிந்து வைப்பாரின்றிப் போயின. நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளுக்கிடையே சோளகக் காற்று எழுப்பும் ஓசையும், பாய்மரம் கட்டிய வள்ளத்தின் முனகலும், பனை நார் பூட்டிய விண்ணின் குரலும் கேட்டவர் செவிகளோடு மறைந்துகொண்டிருக்கின்றன. பிளாஸ்திக்கு நாடாவின் கூவல் வேறு. அது கூர்மை மிக்கது.

சென்ற ஆண்டு தைமாதத்தில் ஆறு அலகுகள் கொண்ட சிறு பெட்டியொன்றோடு வேலணைக்குச் சென்றிருந்தேன். பழைய விண்ணின் குரலை அதில் எழுப்பிப் பார்க்க வேண்டுமென்பது ஆவல். தீவகத்தில் எண்பது ஆண்டு வாழ்ந்து, இளமையிற் பட்டம் கட்டுவதிற் பேர்பெற்ற பெரியப்பா ஒருவரை நடுவராக வைத்தேன். அலையத்தை வடிகட்டியிற் பூட்டி, சிறிது பரிவு கூட்டி ஒலிக்கச் செய்தேன். சற்றே கேட்டுவிட்டு, "இது இலையான் தம்பி, விண் இல்லை" என்றார்.

மந்த அலையத்தை விரியலாக்கியோடு பூட்டி ஓசை ஏறி இறங்கும்படி செய்தேன். "இது ஊஞ்சல்" என்றார். காற்று தாளம் பிடித்து வீசாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அடுத்து, எழுந்தமானமாக மாறும் மின்னழுத்தம் தரும் அலகொன்றை எடுத்து, அதன் மாற்றங்களை மழுக்கி, விரியலாக்கிக்கும் வடிகட்டிக்கும் ஒருங்கே கொடுத்தேன். உரம் கூடும்போது மேற்றொனியும் கூடிற்று. குறையும்போது இரண்டும் அடங்கின. அலையத்தின் சுருதிக்கும் அதே அழுத்தத்தில் மிகச் சிறிய கூறொன்றைக் கலந்தேன். இடையிடையே ஓசை அற்றது. அற்று மீண்டும் எழுந்தது.

பெரியப்பா பேசவில்லை. முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார். வேலிக்கு அப்பால் யாரோ சிறுவர்கள் ஏற்றிய பட்டமொன்றும் கூவிக்கொண்டிருந்தது. சிறிது நேரங்கழித்துத் தலையைச் சரித்து, "நார் கொஞ்சம் இறுகிப்போச்சு. இளக்கி விடு" என்றார். அலையத்துக்குச் செல்லும் மின்னழுத்தத்தை அரைக்கால் உவோற்றளவு குறைத்தேன்.